கலிபோர்னியாவில் வீட்டுப் பத்திரத்தை நீங்களே கவுண்டியில் பதிவு செய்வது எப்படி

வீடு வாங்கும்போது இந்த வேலை நம் கண்ணிலேயே படாது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நின்று பணத்தையும் காகிதத்தையும் கையாளும் எஸ்க்ரோ கம்பெனி பத்திரத்தைத் தயார் செய்யும், நோட்டரியை வீட்டுக்கே அனுப்பும், கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பதிவும் செய்துவிடும். நமக்குச் சாவி வந்தால் போதும். தலைவலி அதற்கப்புறம்தான். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய வீட்டில் மனைவி பெயரைச் சேர்க்க வேண்டும், லிவிங் டிரஸ்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை வைக்க நாம் ஏற்படுத்தும் அறக்கட்டளை) எழுதிவிட்டு வீட்டை அதன் பெயருக்கு மாற்ற வேண்டும், கூட்டாக வாங்கியவர்களில் ஒருவர் இறந்துபோனால் அவர் பெயரை எடுக்க வேண்டும். ரீஃபைனான்ஸ் (பழைய கடனை அடைத்துப் புதுக் கடன் எடுப்பது) சமயத்தில் கடன் கொடுப்பவர் கேட்டார் என்று வீட்டை டிரஸ்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, கடன் முடிந்ததும் திரும்ப உள்ளே மாற்ற மறந்தவர்களும் நம்மில் நிறையப் பேர். டிரஸ்ட் எழுதிய காகிதம் அலமாரியில் பத்திரமாக இருக்கும், வீடு மட்டும் அதில் இருக்காது. நீங்கள் ரீஃபைனான்ஸ் பண்ணியிருந்தால் கடைசியாகப் பதிவான டீடை (பத்திரத்தை) இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் வக்கீல் வைத்தும் செய்யலாம், நாமே செய்யலாம். குடும்பத்துக்குள் தகராறு, விவாகரத்து, வெளிநாட்டுச் சொத்து என்று சிக்கல் எதுவும் இல்லாத நேரான விஷயம் என்றால் மொத்தமே மூன்று நான்கு பக்கம்தான். நான் வக்கீல் இல்லை. இங்கே எழுதுவது கலிபோர்னியா நடைமுறை. டெக்சாஸில் கவுண்டி கிளார்க்கிடம் போக வேண்டும், கனெக்டிகட்டில் கவுண்டி நிர்வாகமே கிடையாது, டவுன் ஆபீஸ்தான், ஆகவே மற்ற மாநிலத்துக்காரர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே போகாதீர்கள். அங்கே சார்பதிவாளர் முன்னால் நேரில் நிற்க வேண்டும், சாட்சிகள் வேண்டும், போட்டோ, கைரேகை, வழிகாட்டி மதிப்பு என்று அவர்கள் தரப்பில் ஏகப்பட்ட சோதனை உண்டு. இங்கே ரெக்கார்டர், அதாவது கவுண்டியின் பதிவு அலுவலர், பார்ப்பது காகிதத்தின் வடிவத்தை மட்டும்தான். மேலே இடம் விட்டிருக்கிறதா, பெயர் இருக்கிறதா, நோட்டரி முத்திரை தெளிவாக இருக்கிறதா, கட்டணம் சரியா, அவ்வளவுதான். அந்த வீடு உண்மையிலேயே உங்களுடையதா, நீங்கள் எழுதிய எல்லை விவரம் சரியா, இந்த மாற்றத்தால் உங்கள் சொத்து வரி ஏறுமா என்றெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள். கேட்டால் “சட்ட ஆலோசனை கொடுக்கக் கூடாது” என்று சொல்லிவிடுவார்கள், அது உண்மையும்கூட. தப்பான பத்திரத்தையும் சிரித்த முகத்தோடு பதிவு செய்து கொடுத்துவிடுவார்கள். பதிவானதை அப்புறம் அழிக்க முடியாது, திருத்தி இன்னொரு பத்திரம் பதிவு செய்வதுதான் வழி. அதனால் உழைப்பு முழுவதும் ஆபீஸ் வாசலை மிதிப்பதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

பழைய டீடை வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்

வாங்கியபோது எஸ்க்ரோ கொடுத்த காகிதக் கட்டுக்குள் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் கவுண்டி ரெக்கார்டரிடம் சில டாலருக்கு நகல் வாங்கலாம். பல கவுண்டிகளில் பெயரைப் போட்டுத் தேடினால் ஆவண எண்ணும் தேதியும் ஆன்லைனில் வரும், ஆனால் பத்திரத்தின் படம் வராது. அதற்கு நேரில் போக வேண்டும், அல்லது எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். எந்தக் கவுண்டி என்பதிலும் கவனம் தேவை. டப்ளினும் சான் ரமோனும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரே கடையில் காய்கறி வாங்குகிறோம். ஆனால் டப்ளின் வீடு அலமேடா கவுண்டி, அதன் தலைமை ஆபீஸ் ஓக்லாந்தில். சான் ரமோன் வீடு கான்ட்ரா கோஸ்டா, அதற்கு மார்டினெஸ் போக வேண்டும். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, சொத்து எந்தக் கவுண்டியில் இருக்கிறதோ அங்கேதான் பதிவு.

பழைய டீடிலிருந்து மூன்று விஷயம் எடுக்க வேண்டும். ஒன்று, சொத்து வரிக்காக வீட்டை மதிப்பிடும் அசெசர் கொடுத்திருக்கும் பார்சல் எண், ஏபிஎன் என்பார்கள். சொத்து வரி பில்லிலும் இருக்கும். இரண்டாவது லீகல் டிஸ்கிரிப்ஷன். இது தெரு முகவரி இல்லை. “இந்த டிராக்டில் இந்த லாட், இந்த மேப் புத்தகத்தில் இந்தப் பக்கம்” என்கிற மாதிரி இருக்கும். டவுன்ஹவுஸ், காண்டோ என்றால் ஒரு பக்கத்துக்கு மேலே நீளும், பொதுவிடத்தில் உள்ள பங்கு, கார் நிறுத்தும் உரிமை எல்லாம் அதில் வரும். இதை ஒரு எழுத்து, ஒரு கமா மாறாமல் எடுத்து எழுத வேண்டும். நீளமாக இருந்தால் “எக்ஸிபிட் ஏ” என்று தனிப்பக்கமாக வைத்து இணைத்துவிடுங்கள். வரி பில்லில் இருக்கும் சுருக்கத்தை எடுத்துப் போடாதீர்கள், அது வேறு நோக்கத்துக்கானது.

மூன்றாவது பெயர். இங்கேதான் நம் ஆட்கள் மாட்டுவது.

ரெக்கார்டர் பத்திரங்களை அடுக்குவது கொடுப்பவர், வாங்குபவர் பெயர்களை வைத்து. உங்களுக்கு எந்தப் பெயரில் வீடு வந்ததோ அதே பெயரில்தான் நீங்கள் கொடுக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் வீடு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலி அறுந்துவிடும். நம் பெயர்களோ ஒரு நிலையில் நிற்பதில்லை. எச்-1பி காலத்தில் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருந்திருக்கும், வீடு வாங்கும்போது “முருகேசன் கார்த்திகேயன்” என்று எழுதியிருப்பார்கள், சிட்டிசன்ஷிப் வாங்கும்போது அதைத் திருப்பிப் போட்டு “கார்த்திகேயன் முருகேசன்” ஆக்கியிருப்பார், டிரைவிங் லைசென்சில் இனிஷியல் மட்டும் இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். இதற்குத் தீர்வு எளிது: இப்போதைய பெயரை எழுதி, அதன் பக்கத்திலேயே ‘ஹூ அக்வயர்ட் டைட்டில் ஆஸ்’ (இந்தப் பெயரில் உரிமை பெற்றவர்) என்று போட்டுப் பழைய டீடில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுத வேண்டும். நோட்டரி உங்கள் அடையாள அட்டையில் இருக்கும் பெயரைத்தான் பார்ப்பார், ஆகவே அந்தப் பெயரும் பத்திரத்தில் இருந்தாக வேண்டும். இந்த ஒரே வரி பிற்பாடு வீட்டை விற்கும்போது, வீட்டு உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியோடு நடக்கும் பெரிய மல்லுக்கட்டை மிச்சப்படுத்தும்.

எந்த டீட், யார் பெயருக்கு

கிராண்ட் டீட், க்விட்கிளெய்ம் டீட் என்று இரண்டு அதிகம் அடிபடும். கிராண்ட் டீடில், இதை நான் வேறு யாருக்கும் ஏற்கெனவே கொடுக்கவில்லை, நான் ஏற்படுத்திய மறைவான வில்லங்கம் இல்லை என்ற உறுதி சட்டப்படியே அடங்கியிருக்கிறது. க்விட்கிளெய்மில் அப்படி எதுவும் இல்லை. எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அது இனி உனக்கு, இல்லையென்றால் இல்லை, அவ்வளவே. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, எல்லாரும் அதையே போடுகிறார்கள். என் கருத்து, குடும்பத்துக்குள் மாற்றினாலும், டிரஸ்டுக்கு மாற்றினாலும் கிராண்ட் டீட் அல்லது டிரஸ்ட் டிரான்ஸ்ஃபர் டீட் போடுங்கள். வீடு வாங்கியபோது காசு கட்டி எடுத்த டைட்டில் இன்சூரன்ஸ் (உரிமையில் சிக்கல் வந்தால் காக்கும் காப்பீடு), பழைய பாலிசியாக இருந்தால், க்விட்கிளெய்ம் போட்டபிறகு தொடருமா என்பதில் சிக்கல் வரலாம். எழுதும் உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதானே.

டிரஸ்டுக்கு மாற்றும்போது வாங்குபவர் இடத்தில் டிரஸ்டின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். சொத்தை வைத்திருப்பவர் டிரஸ்டீ, அதாவது டிரஸ்டை நிர்வகிப்பவர். அதனால் டிரஸ்டீயின் பெயர், அப்புறம் எந்த டிரஸ்டின் டிரஸ்டீ, அந்த டிரஸ்ட் எழுதிய தேதி, மூன்றும் வர வேண்டும். கணவன் மனைவி பெயருக்கு எழுதினால் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும்: ஜாயின்ட் டெனன்ட்ஸ் (ஒருவர் இறந்தால் பங்கு மற்றவருக்குப் போகும் கூட்டுரிமை), டெனன்ட்ஸ் இன் காமன் (அவரவர் பங்கு தனி), கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி வித் ரைட் ஆஃப் சர்வைவர்ஷிப் (தம்பதியின் பொதுச் சொத்து). பலரும் பழக்க தோஷத்தில் முதலாவதைப் போட்டுவிடுகிறார்கள். கடைசியில் சொன்னதில் ஒருவர் இறந்தால் வீடு நேராக மற்றவருக்குப் போகும், அதோடு வருமான வரிக் கணக்கில் வீட்டின் முழு மதிப்பும் அன்றைய சந்தை விலைக்கு மாறும். ஜாயின்ட் டெனன்சியில் பொதுவாகப் பாதிக்குத்தான் அந்தச் சலுகை. சான் பிரான்சிஸ்கோ பே ஏரியா வீட்டு விலையில் இந்த வித்தியாசம் லட்சக்கணக்கான டாலர் லாபத்துக்கு வரி கட்டுவதா இல்லையா என்பது.

பிள்ளை பெயரைச் சேர்க்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு மட்டும் என் பதில், நிறுத்துங்கள். ஊரில் தானப் பத்திரம் எழுதுகிற பாசத்தில் இங்கேயும் செய்யப் பார்க்கிறோம். இது கிஃப்ட், 709 என்ற அன்பளிப்பு வரிப் படிவம் போட வேண்டி வரும். நீங்கள் வாங்கிய பழைய விலையே பிள்ளைக்கும் வாங்கிய விலையாகப் போய்ச் சேரும், வாரிசாக வந்திருந்தால் கிடைத்திருக்கும் புது மதிப்பு கிடைக்காது. பிள்ளைமேல் யாராவது கேஸ் போட்டால் வீடும் அதில் மாட்டும். 1978-இல் வந்த ப்ரொபொசிஷன் 13 காரணமாக உங்கள் சொத்து வரி வாங்கிய விலையிலிருந்து ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறியிருக்கும். 2021 பிப்ரவரி 16-லிருந்து ப்ரொபொசிஷன் 19 அமலில் இருப்பதால், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மாறும் வீட்டில் பிள்ளை தானே குடியேறினால்தான் அந்தப் பழைய மதிப்பு தொடரும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஒரு வக்கீலோடு அரை மணி நேரம் பேசுங்கள். இங்கே காசு மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் இல்லை.

கடன் இருக்கும் வீட்டை டிரஸ்டுக்கு மாற்றினால் வங்கி முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்லுமா என்று கேட்பார்கள். நீங்கள் குடியிருக்கும் வீடு, டிரஸ்டில் நீங்களே பயனாளி என்றால், 1982-இல் வந்த கார்ன்–செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம் அதைத் தடுக்கிறது. துணைவர் பெயரைச் சேர்ப்பதற்கும் அதே பாதுகாப்பு உண்டு.

காகிதம், நோட்டரி

எட்டரைக்குப் பதினொன்று அங்குலத் தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு. ஊரிலிருந்து கொண்டுவந்த ஏ4 தாளில் அச்சடித்தால் அளவு தப்பு என்று பக்கத்துக்கு 3 டாலர் கூடுதலாகக் கேட்பார்கள். முதல் பக்கத்தின் மேலே இரண்டரை அங்குலம் ஒதுக்க வேண்டும்: இடதுபக்கம் மூன்றரை அங்குலத்தில் பதிவு கேட்பவர் பெயரும், பதிவானதும் யாருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற முகவரியும், வலதுபக்கம் ஐந்து அங்குலம் ரெக்கார்டரின் முத்திரைக்கு, அங்கே ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். சொத்து வரி பில் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதும் டீடில் இருக்க வேண்டும். தலைப்பு, ஏபிஎன், அப்புறம் டாக்குமென்டரி டிரான்ஸ்ஃபர் டாக்ஸ் (சொத்து கைமாறும்போது கட்டும் வரி) எவ்வளவு என்ற வாசகம். விற்பனை என்றால் ஆயிரம் டாலருக்கு 1 டாலர் 10 சென்ட் கவுண்டி வரி, சில நகரங்கள் தனியாக வேறு வசூலிக்கும். நம்முடையது விற்பனை இல்லை, ஆனாலும் அந்த இடத்தை வெறுமையாக விடக் கூடாது. பூஜ்யம் என்று போட்டு, ஏன் பூஜ்யம் என்பதையும் எழுத வேண்டும்: ரிவாக்கபிள் (திரும்பப் பெறக்கூடிய) டிரஸ்டுக்கு மாற்றம் அல்லது அன்பளிப்பு, ரெவின்யூ அண்ட் டாக்ஸேஷன் கோட் 11930.

இன்னொரு விலக்கும் எழுதத் தவறாதீர்கள். 2018 ஜனவரியிலிருந்து எஸ்பி 2 என்ற சட்டப்படி ஒவ்வொரு ஆவணத்துக்கும் 75 டாலர் தனிக் கட்டணம் இருக்கிறது. சொந்தமாகக் குடியிருப்பவர் பெயருக்கு மாறும் வீட்டுக்கு இது கிடையாது. ஆனால் அந்த விலக்கு முதல் பக்கத்திலோ கவர் தாளிலோ எழுதியிருக்க வேண்டும், கவர்ன்மென்ட் கோட் 27388.1 என்ற எண்ணோடு. எழுதவில்லை என்றால் 75 டாலர் வாங்கிவிடுவார்கள், நீங்கள் வாய்விட்டுக் கேட்காதவரை யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். வாடகைக்கு விட்டிருக்கும் வீடு என்றால் கட்டித்தான் ஆக வேண்டும்.

கையெழுத்து போடுவது கொடுப்பவர் மட்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும். வாங்குபவர் பொதுவாகப் போட வேண்டியதில்லை. நோட்டரியிடம் கேட்க வேண்டியது அக்னாலெட்ஜ்மென்ட் (கையெழுத்து உங்களுடையதுதான் என்ற சான்று), ஜூராட் (எழுதியது உண்மை என்று சத்தியம் செய்து அவர் முன்னால் கையெழுத்திட்டதற்கான சான்று) இல்லை. சில யுபிஎஸ் கடைகளில் அவசரத்தில் கைக்கு வந்த படிவத்தை இணைத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள். இதற்கு நேர்மாறாக, இறந்த துணைவர் பெயரை நீக்கும் அஃபிடவிட்டுக்கு ஜூராட் வேண்டும், இறப்புச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட நகலும் கூடவே. கலிபோர்னியா நோட்டரி ஒரு கையெழுத்துக்கு 15 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டுக்கு வந்தால் பயணக் கட்டணம் தனி. வீட்டுப் பத்திரம் என்பதால் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் வலது கட்டைவிரல் ரேகை வைக்கச் சொல்வார், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

முத்திரையை மட்டும் உற்றுப் பாருங்கள். மை மங்கியிருந்தாலோ, ஓரத்தில் பாதி விழுந்திருந்தாலோ, கையெழுத்தின் மேலோ அச்செழுத்தின் மேலோ ஏறியிருந்தாலோ ரெக்கார்டர் திருப்பி அனுப்புவார், ஏனென்றால் ஸ்கேன் எடுத்தால் படிக்க முடியாது. நோட்டரி இருக்கும்போதே கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் பெயர், கமிஷன் எண், முடிவு தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் காலியிடத்தில் இன்னொரு முறை குத்தச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், அவர்களுக்கு இது பழக்கம்தான்.

கையெழுத்து போட வேண்டியவர் ஊரில் இருந்தால், உதாரணமாக அம்மா பெயரும் வீட்டில் இருக்கிறது, அவர் மதுரையில் இருக்கிறார் என்றால், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி சேவைக்கு அப்பாயின்ட்மென்ட் எடுக்கலாம். ஒரு முத்திரைக்கு 50 டாலர், அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட் கொண்டுபோகச் சொல்லுங்கள், முன்கூட்டியே கையெழுத்து போட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உள்ளூர் நோட்டரி, அப்புறம் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்வதற்கான அரசுச் சான்று) என்று இன்னொரு வழியும் இருக்கிறது, ஆனால் அலைச்சல் அதிகம். அசல்தான் கூரியரில் வர வேண்டும், வாட்ஸாப்பில் வரும் ஸ்கேன் செல்லாது.

பிசிஓஆர் என்ற அந்தப் படிவம்

டீடோடு கூடவே பிரிலிமினரி சேஞ்ச் ஆஃப் ஓனர்ஷிப் ரிப்போர்ட் என்ற படிவம் கொடுக்க வேண்டும். அசெசரின் தளத்தில் கிடைக்கும், வாங்குபவர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும், நோட்டரி தேவையில்லை. இது பதிவாகாது, பொதுமக்கள் பார்வைக்கும் போகாது, நேராக அசெசர் கைக்குப் போகும். கொடுக்காவிட்டால் 20 டாலர் கூடுதல், அப்புறம் அசெசரிடமிருந்து கடிதம். காசு பெரிதில்லை. இந்தத் தாளை வைத்துத்தான் உங்கள் வீட்டை மறுபடி மதிப்பிடலாமா என்று முடிவு செய்கிறார்கள். முதல் பகுதியில் ஆமாம், இல்லை என்று வரிசையாகக் கேள்விகள் வரும்: கணவன் மனைவிக்குள் மட்டும் நடக்கும் மாற்றமா, திரும்பப் பெறக்கூடிய டிரஸ்டா, பெற்றோர் பிள்ளைக்குள்ளா. உங்களுக்குப் பொருந்துவதற்கு ஆமாம் போட்டுவிட்டால் அநேகமாக வேலை முடிந்தது. விலை விவரம் கேட்கும் பின்பகுதிகள் இந்த மாதிரி மாற்றங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை போட்டு, பதினைந்து வருடத்துக்கு முன் வாங்கிய வீட்டுக்கு இன்றைய விலையில் வரி பில் வந்தால், அசெசரிடம் விளக்கித் திருத்தலாம்தான், ஆனால் அதுவரை தூக்கம் போகும்.

கொடுப்பது

நேரில் கொடுக்கலாம், தபாலில் அனுப்பலாம். ஆன்லைன் பதிவு பொதுவாகக் கவுண்டி ஒப்புக்கொண்ட கம்பெனிகள் வழியாகத்தான், அவர்கள் தனிக் கட்டணம் வாங்குவார்கள். முதல் முறை என்றால் நேரில் போங்கள். குறை இருந்தால் கவுண்டரிலேயே சொல்லிவிடுவார்கள், தபாலில் அனுப்பியது திரும்பி வருவதற்குள் வாரக்கணக்கில் ஓடிவிடும். டிரான்ஸ்ஃபர் ஆன் டெத் டீட் (நாம் இறந்தபிறகு வீடு இன்னாருக்கு என்று எழுதும் பத்திரம்) என்றால் இந்தத் தாமதம் ஆபத்து, ஏனென்றால் நோட்டரி தேதியிலிருந்து 60 நாளுக்குள் பதிவாகியிருக்க வேண்டும், 2022-லிருந்து அதற்கு இரண்டு சாட்சிகளும் தேவை.

கட்டணம் கவுண்டிக்குக் கவுண்டி மாறும். முதல் பக்கத்துக்கு ஒரு தொகை, அதற்கடுத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் 3 டாலர் என்று கணக்கு. விலக்குகளைச் சரியாக எழுதியிருந்தால் வீட்டை டிரஸ்டுக்கு மாற்றும் சாதாரண டீடுக்கு ஆகும் செலவு ஒரு குடும்பம் சரவண பவனில் டிபன் சாப்பிடும் செலவைத் தாண்டாது. தபாலில் அனுப்பும்போது தொகையில் சந்தேகம் இருந்தால், சில கவுண்டிகளில் காசோலையில் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதித் தொகையைக் காலியாக விட்டு அனுப்ப அனுமதி உண்டு. உங்கள் கவுண்டி தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நகலும் கொண்டுபோய் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டால் கையில் அத்தாட்சி இருக்கும். அசல் ஸ்கேன் ஆகி உங்கள் முகவரிக்குத் தபாலில் திரும்பி வரும், வலது மேல்மூலையில் ஆவண எண், தேதி, நேரத்தோடு.

அந்த நேரம் அலங்காரத்துக்கு இல்லை. கையெழுத்து போட்டுக் கொடுத்த டீட் பதிவாகாவிட்டாலும் உங்களுக்குள் செல்லும், ஆனால் விஷயம் தெரியாமல் காசு கொடுத்து வாங்கி முதலில் பதிவு செய்துவிட்ட மூன்றாமவரிடம் அது எடுபடாது. டிராயரில் வைத்துப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

பதிவான பிறகு

வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி டிரஸ்டின் பெயரையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். குடியிருப்போருக்கான ஹோம்ஓனர்ஸ் எக்ஸம்ப்ஷன் தொடர்கிறதா என்று அடுத்த வரி பில்லில் பாருங்கள். மதிப்பில் 7,000 டாலர் கழியும், வரியில் 70 டாலர் வாக்கில்தான், ஆனாலும் நம் பணம். கடனை முழுசாகக் கட்டி முடித்தவர்கள் ரீகன்வேயன்ஸ் (கடன் தீர்ந்து அடமானம் விடுபட்டது என்ற பத்திரம்) பதிவாகியிருக்கிறதா என்றும் சேர்த்தே தேடிப் பார்த்துவிடுங்கள்.

பழைய பத்திரங்களைப் புரட்டும்போது இன்னொன்றும் கண்ணில் படலாம். 1948-க்கு முன்னால் உருவான குடியிருப்புகளின் ஆவணங்கள் சிலவற்றில் வெள்ளையர் அல்லாதவர் இங்கே குடியிருக்கக் கூடாது, வேலைக்காரராக இருந்தால் தவிர, என்று அச்சில் இருக்கும். அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் நீதிமன்றங்கள் அதை அமல்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது, ஆனால் அந்த வாசகங்கள் காகிதத்திலேயே தங்கிவிட்டன. உங்கள் வீட்டின் ஆவணத்தில் இருந்தால், ரெஸ்ட்ரிக்டிவ் கவனன்ட் மாடிஃபிகேஷன் என்ற படிவத்தை ரெக்கார்டரிடம் கொடுத்து அந்த வாசகத்தை அடித்த பிரதியைப் பதிவு செய்யலாம், இதற்குப் பதிவுக் கட்டணம் கிடையாது.

அப்புறம், பதிவான சில வாரங்களில் அரசாங்கக் கடிதம் மாதிரியே கழுகுப் படமெல்லாம் போட்டு ஒரு தபால் வரும். உங்கள் டீடின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள், நூறு டாலருக்குப் பக்கத்தில் கட்டுங்கள், இந்தத் தேதிக்குள் என்று பயமுறுத்தும். பதிவு பொது ஆவணம் என்பதால் உங்கள் பெயரும் முகவரியும் அவர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. அடியில் பொடி எழுத்தில் இது அரசு நிறுவனம் இல்லை என்று இருக்கும். கிழித்துப் போட்டுவிடுங்கள், நகல் வேண்டுமென்றால் கவுண்டியிலேயே சில டாலருக்குத் தருவார்கள்.